வெள்ளிக்கிழமைக்கு ஒரு பேட்டரி

போன வாரம் புதுச்சேரியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். வீட்டில் இன்டர்நெட் பெட்டிக்குச் சின்னதாக ஒரு யு.பி.எஸ் வேண்டியிருந்தது. கரண்ட் போனால் என் கணவரின் ஆபீஸ் மீட்டிங் பாதியில் அறுந்துபோகிறது. அறுந்துபோவதில் அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான் என்பது வேறு விஷயம். கவுண்டரில் இருந்த பெண் ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து முன்னால் வைத்தாள். புது பிளாஸ்டிக்கும் லேசான புளிப்பும் கலந்த ஒரு வாசனை வந்தது. பேட்டரிக்கு என்றே இருக்கிற வாசனை அது. அவள் என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே விருத்தாசலத்துக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஊரில் பீங்கான் வேலைதான் பெரிய வேலை. ஜாடி, பொம்மை, கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற இன்சுலேட்டர், மீட்டர் பெட்டிக்குள் சொருகுகிற பியூஸ் கட்டை, எல்லாம் எங்கள் தெருவைச் சுற்றியே வெந்து வெளியே வரும். எங்கெங்கோ இருக்கிற வீடுகளில் எங்கள் ஊர் பியூஸ் கட்டை இருந்தது. எங்கள் வீட்டிலும் இருந்தது. அதற்குள் ஓடக் கரண்ட்தான் இருக்காது. அந்த வருஷங்களில் கரண்ட் போவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள், ஒரு மாசம் காலையில், அடுத்த மாசம் மத்தியானத்தில் என்று. சாயங்காலம் அது போக, முறையில்லாமல் தன் இஷ்டத்துக்கும் போகும்.

அப்பா ஒரு கம்பெனியில் சூளை பார்த்தார். நான் இன்னொரு கம்பெனியின் ஆபீசில் உட்கார்ந்து பில் அடித்தேன். ஆறு மாசம் கம்ப்யூட்டர் கிளாஸ் போனவள் என்பதால், வயர் வைத்த எந்தப் பொருள் கெட்டாலும் வீட்டில் எனக்குத்தான் ஆள் அனுப்புவார்கள். மிக்ஸி ஓடவில்லை என்றாலும் அம்மா, "நீ படிச்சவதான, பாரேன்" என்பாள். அந்தக் கிளாசில் மிக்ஸி பாடம் இல்லை என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறேன்.

என் அக்கா அமுதா அப்போது எங்களோடு இருந்தாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக்காரர், மஸ்கட்டில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா முழுகாமல் இருந்தபோதே போனவர். கயல் பிறந்து, தவழ்ந்து, நடக்கவும் ஆரம்பித்துவிட்டாள். மாமா அவளைத் தொட்டுப் பார்த்தது கிடையாது. லீவு வர இன்னும் மாசங்கள் இருந்தன.

முதலில் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைவீதியில் இருந்த பிரவுசிங் சென்டருக்குத்தான் போனாள். பலகைத் தடுப்பும் துணித் திரையும் வைத்த சின்னச் சின்ன அறைகள். பக்கத்து அறையில் யாரோ பரீட்சை ரிசல்ட் பார்ப்பார்கள், இந்தப் பக்கம் இவள் புருஷனிடம் "சாப்ட்டீங்களா" என்று கேட்க வேண்டும். வெட்கத்தில் பாதி நேரம் பேசாமலேயே உட்கார்ந்துவிட்டு வருவாள். கயல் அந்தப் பொந்துக்குள் போனதுமே வீரிட்டு அழும். மாமாதான் சொல்லி, வீட்டுக்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. பின்பக்கம் பானை மாதிரி பிதுங்கிய பழைய மானிட்டர், தலையில் உருண்டைக் கண் மாதிரி ஒரு கேமரா, கீழே ஒரு சின்ன யு.பி.எஸ்.

மாமாவுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அவர் போய்ப் பேசுகிற பிரவுசிங் கடை, தொழுகை முடிந்த பிறகுதான் திறக்கும். நமக்கு அது நாலு மணி போல ஆகும். அந்த நேரத்தை அவராலும் மாற்ற முடியாது, எங்களாலும் முடியாது. மத்தியான முறையில் அதே நேரத்துக்குத்தான் கரண்ட் போகும், அதை மாற்றக்கூடிய ஒரே ஆள் மின்சார வாரியம். அவர்களிடம் போய் எங்கள் அக்கா புருஷன் கதையைச் சொல்லவா முடியும்?

மத்தியான முறை வந்த மாசத்தில் முதல் வெள்ளிக்கிழமை மாமா பேசிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. யு.பி.எஸ் பீப் பீப் என்றது, மானிட்டர் எரிந்துகொண்டே இருந்தது. நான் பெருமையாக எல்லோரையும் பார்த்தேன். ஆனால் மாமா வாயைத் திறந்தபடியே அசையாமல் நின்றுபோயிருந்தார். அப்புறம்தான் தெரிந்தது, கம்ப்யூட்டரை யு.பி.எஸ்ஸில் மாட்டிய நான், போன் வயர் வந்து சேருகிற மோடத்தைச் சுவர் பிளக்கிலேயே விட்டிருந்தேன். கம்ப்யூட்டர் உயிரோடு இருந்தது, மாமா வருகிற வழிதான் அடைத்துப்போயிருந்தது. அதையும் யு.பி.எஸ்ஸுக்கு மாற்றினேன். அடுத்த வாரம் கரண்ட் போயும் மாமா நிற்கவில்லை. அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார். அந்த வயதிலும் எனக்கு அது வேண்டியிருந்தது.

பேட்டரி தீரப் போகிற நேரத்தில் பீப் சத்தம் வேகமாகிவிடும். அதை வைத்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டானது. சத்தம் வேகமானதும் யாராவது ஒருத்தர், "கயலு, ஓடியா, அப்பாவுக்கு முத்தம் குடு" என்று கூப்பிடுவோம். அவள் எங்கிருந்தாலும் ஓடி வந்து நாற்காலியின் கீழே நின்று இரண்டு கையையும் தூக்குவாள். தூக்கி நிறுத்தினால் மானிட்டர் கண்ணாடியில் எச்சில் படிய ஒரு முத்தம் வைப்பாள். அந்தப் பக்கம் மாமா, "கயலு, அப்பாவுக்குக் குடுத்தியா?" என்பார், ஸ்பீக்கரில் கரகரவென்று வரும். உடனே எல்லாம் இருட்டாகும். நாளாக ஆக, யாரும் கூப்பிடவே வேண்டியதில்லை. சத்தம் கேட்டாலே வந்துவிடுவாள்.

பார்க்க அழகாகத்தான் இருக்கும். அக்காவுக்கு மட்டும் அதில் ஒரு பயம். "அப்பா எங்க?" என்று யார் கேட்டாலும் கயல் மானிட்டரைக் காட்டும், அது அணைந்து துணி மூடிக் கிடந்தாலும் அதையே காட்டும். பின்தெருவில் ஒரு வீட்டில், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த அப்பாவைப் பார்த்து அந்த வீட்டுக் குழந்தை, "இந்த ஆளு எப்ப போவாரு?" என்று கேட்டதாக ஒரு கதை. அக்கா அதைக் கேட்டுவிட்டு வந்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"இவ பொட்டியத்தான் அப்பான்னு நெனைச்சிக்கிட்டு இருக்கா. நாளைக்கி அவரு வந்து நின்னா யாருன்னு கேப்பா."

"அதெல்லாம் ரத்தம் இழுக்கும்டி" என்றாள் அம்மா. அம்மாவிடம் இந்த மாதிரி பதில்கள் எப்போதும் கைவசம் இருக்கும்.

ரத்தம் இழுக்கிறதோ இல்லையோ, பேட்டரி இழுக்க மறுத்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, கடைசியில் கரண்ட் போன உடனேயே அதுவும் கூடச் சேர்ந்து போக ஆரம்பித்தது. கயல் ஓடி வருவதற்குள் மானிட்டர் கறுத்துவிடும். மறுபடி தூக்கச் சொல்லி, கறுத்த கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுவாள்.

நான் டாக்டர் வேலையை ஆரம்பித்தேன். யு.பி.எஸ்ஸுக்குப் பின்னால் கைவிட்டுப் பார்த்தால் கூடுதலாக ஒரு வயர் போயிற்று. அதைப் பிடித்துக்கொண்டே போனால் அம்மாவின் டேபிள் ஃபேன். "எல்லாரும் வேர்க்க விறுவிறுக்க உக்காந்திருக்கீங்களேன்னு மாட்டினேன்" என்றாள். பிடுங்கினேன். தேறவில்லை. பிறகு ஒரு மத்தியானம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். கரண்ட் இருக்கும்போதே அது டிக் டிக் என்று ஒரு சத்தம் போட்டது, கூடவே பல்பு மங்கி மங்கி வந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன். பக்கத்துக் கம்பெனியில் மண் அரைக்கிற பெரிய உருளையைச் சுற்ற விட்டிருந்தார்கள். அது சுற்ற ஆரம்பித்தால் எங்கள் தெருவுக்கே வோல்டேஜ் இறங்கும். யு.பி.எஸ் பாவம், கரண்ட் போய்விட்டதென்று நினைத்து பேட்டரியைச் செலவு பண்ணிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு நிஜமாகவே போகும்போது கையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

கண்டுபிடித்ததில் எனக்கு ஒரே தலைக்கனம். ஆனால் மண் அரைப்பதை நிறுத்தச் சொல்ல முடியுமா? அந்த மண்ணில்தான் தெருவே சோறு தின்கிறது. உருளை ஓடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தபோது அன்றைக்கும் பேட்டரி நிற்கவில்லை. என் கண்டுபிடிப்பு பாதிதான் சரி என்று புரிந்தது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான், அக்கா, அப்பா மூன்று பேரும் கடைவீதியில் ஜெயசீலன் அண்ணன் கடைக்குப் போனோம். யு.பி.எஸ், இன்வெர்ட்டர் எல்லாம் விற்கிறவர், ரிப்பேரும் பார்ப்பார். வாய் ஓயாது. மூடியைக் கழற்றியதும் அந்த வாயும் ஓய்ந்தது. உள்ளே மாவு சலித்துக் கொட்டியது போல வெள்ளை மண் தூசு. அது எங்கள் ஊரில் யார் வீட்டுப் பெட்டியைத் திறந்தாலும் இருக்கிறதுதான். நடுவில் இருந்த பேட்டரிதான் பூரி மாதிரி உப்பி நின்றது.

"இத என்னா அடுப்புல வச்சிருந்தீங்களா?"

அப்பா தொண்டையைச் செருமினார்.

"பேசி முடிச்சா சூடா இருக்குங்க. அதான் துண்டு போத்தி வுடுவேன்."

"சூடா இருந்தா எதுக்குங்க போத்துவாங்க?"

"சூட்டோட சில்லுக் காத்து பட்டா வெடிப்பு வுட்டுரும்ல?" அப்பா அவரையே திருப்பிக் கேட்டார்.

எனக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சூளையில் அது சட்டம். நெருப்பை நிறுத்திவிட்டு, அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே வெந்த சரக்கு அத்தனையும் விரிசல் விட்டுவிடும். மூடியே வைத்து, தானாக ஆற விட வேண்டும். முன்கூட்டியே கதவில் கை வைத்த எத்தனையோ பேரை அப்பா வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். அதே ஜாக்கிரதையோடு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாங்கள் எழுந்து போன பிறகு, தன்னுடைய கனத்த துண்டை இரண்டாக மடித்து யு.பி.எஸ்ஸைக் காது மூடிப் போர்த்தியிருக்கிறார். ஷிப்டுக்குக் கிளம்பும்போது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார், அதனால்தான் யார் கண்ணிலும் படவில்லை. மருமகனும் பேத்தியும் பேசுகிற பொருள், அதில் விரிசல் விழக் கூடாது என்று பார்த்திருக்கிறார். அந்த மனுஷனை நான் எதைச் சொல்லித் திட்ட?

பேட்டரியை மட்டும் மாற்றலாம், ஆனால் அந்த வோல்டேஜுக்கு அதே கதைதான் நடக்கும் என்றார் ஜெயசீலன் அண்ணன். "இன்வெர்ட்டரா போட்டுக்குங்களேன். வூடு பூரா லைட்டு எரியும், ஃபேனு ஓடும், கம்ப்யூட்டரும் ஓடும்." அப்பாவுக்கு ஃபேன் என்றதுமே முகம் மலர்ந்துவிட்டது. சூளை முன்னால் நின்று வருகிறவருக்குக் காற்று என்பது சாதாரண ஆசை இல்லை. அம்மா வந்திருந்தால் அப்போதே கையோடு தூக்கி வந்திருப்பாள். எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அவர் கடையிலேயே ஒரு கம்ப்யூட்டர் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. "அண்ணே, மெயின கொஞ்சம் ஆஃப் பண்ணிக் காட்டுங்க" என்றேன். பண்ணினார். ஃபேன் நிற்காமல் ஓடியது. கம்ப்யூட்டர் மட்டும் ஒரு தரம் செத்து, மறுபடி முதலிலிருந்து பிறந்து வந்தது. அவர் கணக்கு போட்டு வைத்திருந்த பில்லும் போய்விட்டது.

"பின்னாடி ஒரு சுவிச்சு இருக்குது, அத மாத்தி வச்சா டக்குனு எடுத்துக்கும்" என்று தலையைச் சொறிந்தார். "சில சமயம் எடுத்துக்காது."

இன்னொன்றும் இருந்தது. தடியான யு.பி.எஸ், உள்ளே இரண்டு பேட்டரி. வோல்டேஜ் இறங்கினாலும் தானே ஏற்றிக்கொள்ளும், பேட்டரியைத் தொடாது. கம்ப்யூட்டரும் மோடமும் மட்டும்தான் அதில் ஓடும், ஃபேன் மாட்டக் கூடாது. அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன்.

"எவ்ளோ நேரம் நிக்கணும், அதச் சொல்லுங்க மொதல்ல" என்றார் ஜெயசீலன் அண்ணன்.

அக்கா முந்திக்கொண்டு சொன்னாள்: "அவரு பேசி முடிக்கிற வரைக்கும் நிக்கணும்ங்க. ஃபேனு வேணாம். நாங்க விசிறிக்கிறோம்."

அந்தத் தடியான யு.பி.எஸ்ஸையே வாங்கினோம். ஷேர் ஆட்டோவில் அந்தக் கனத்தை அப்பாதான் மடியில் வைத்துக்கொண்டு வந்தார், யாரையும் தொடவிடவில்லை. சூளையில் கழித்துப்போட்ட கல்லில் நாலு கொண்டுவந்து, தரையிலிருந்து தூக்கி, சுவரில் ஒட்டாமல், கீழே காற்று போகிற மாதிரி வைத்தார். துண்டை அதன் பக்கமே கொண்டுபோகவில்லை. ஒரு சாதாரண நாளில் கரண்ட் போகிற நேரம் பார்த்து, கம்ப்யூட்டரைப் போடச் சொல்லிவிட்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார், சூளை ஓட்டை வழியாக நெருப்பின் நிறம் பார்க்கிறவர் மாதிரியே. டீ குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. கடைசியில் வேகமான பீப் வந்ததும் என் பக்கம் திரும்பி, "தாங்கும் பாப்பா" என்றார். கயல் அந்தச் சத்தத்துக்கு ஓடி வந்து கை தூக்கி நின்றதும், மாமா இல்லாத திரைக்கே ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனதும் தனிக் கதை.

அதற்கப்புறம் எந்த வெள்ளிக்கிழமையும் தவறவில்லை. வேர்த்து வழிய, ஆளுக்கொரு விசிறியோடு நாங்கள் மானிட்டரைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அந்தப் பக்கம் ஏ.சி. அறையில் மாமா, "என்னா எல்லாரும் கைய ஆட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்பார்.

லீவு வந்தது. ஜங்ஷனுக்குப் போய்க் கூட்டி வந்தோம். கயல் மாமாவை ஒரு தரம் பார்த்தாள், அக்காவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பொம்மை நீட்டினார், தட்டிவிட்டாள். தூக்கப் போனார், ஊரே கூடுகிற மாதிரி அலறினாள். "கயலு, அப்பா வந்திருக்காருடி" என்று அக்கா கெஞ்சினாள். கயல் மானிட்டரைக் கை காட்டினாள்.

பல நாள் இதே கதைதான். அவர் உள்ளே வந்தால் அவள் வெளியே போனாள். "வுடு அமுதா, புள்ள பயப்படுது" என்று சொல்லிவிட்டு மாமா வாசலில் போய் நின்றுகொள்வார். லாரி ஓட்டிக் காய்த்துப்போன கை, அதை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் விட்டு விட்டு எடுப்பார். அக்கா அடுப்படியில் அழுதாள். ரத்தம் இழுக்கும் என்று சொன்ன அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு அந்தக் கம்ப்யூட்டர் மேலேயே வெறுப்பு வந்தது. நான் பார்த்துப் பார்த்து மாட்டிய வயர்கள்தான் இந்தப் பிள்ளையை ஏமாற்றிவிட்டனவோ என்று இருந்தது.

ஒரு சாயங்காலம் மாமா மஸ்கட்டில் எடுத்த போட்டோக்களை அம்மாவுக்கும் எனக்கும் கம்ப்யூட்டரில் காட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் போனது. யாரும் கண்டுகொள்ளவில்லை, அவர் பாட்டுக்கு ஒட்டகம், கடல், லாரி என்று காட்டிக்கொண்டே போனார். பேட்டரி தீர்ந்து சத்தம் வேகமானது. அடுப்படியில் சோறு தின்றுகொண்டிருந்த கயல் வாயில் பருக்கையோடு ஓடி வந்தாள். நாற்காலியில் யார் இருக்கிறார்கள் என்றே பார்க்கவில்லை. கீழே நின்று இரண்டு கையையும் தூக்கினாள்.

மாமா ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு குனிந்து தூக்கினார். அவள் எட்டி, திரையில் லாரியோடு நின்ற மாமாவுக்கு முத்தம் வைத்தாள்.

"கயலு, அப்பாவுக்குக் குடுத்தியா?" என்றார்.

குரல் ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. அவள் திரும்பினாள். அந்த நேரத்தில் பீப் நின்று மானிட்டர் கறுத்தது. கறுத்த கண்ணாடியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பருக்கை ஒட்டிய கையால் அவர் கன்னத்தைத் தொட்டாள், தாடி குத்தியதும் கையை இழுத்துக்கொண்டாள், மறுபடி தொட்டாள். எப்போதும் சத்தம் நின்றால் அப்பா இருக்க மாட்டார். இன்றைக்கு இருந்தார்.

மிச்ச லீவு முழுக்க கயல் அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. பல் தேய்க்கும்போதுகூடக் கூடவே நின்றாள். அவள் தூங்கும்போதுதான் மாமாவால் மஸ்கட்டுக்குக் கிளம்ப முடிந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மாமா திரையில் வந்தார். கரண்ட் இல்லை. யு.பி.எஸ் எந்தக் குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. "கயலு, அப்பா பாரு" என்றோம். அவள் மானிட்டரை ஒரு தரம் பார்த்துவிட்டு, "அது அப்பா இல்ல" என்றாள். தெரு வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். தூக்கி வந்தால் திமிறினாள். சத்தம் வேகமானபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமா என்னிடம் சொன்னார்: "ஏம்மா, அந்தக் கேமராவ வாசப்பக்கம் திருப்பி வையேன். அவ முதுகு தெரிஞ்சா போதும்."

திருப்பி வைத்தேன். பேட்டரி தீருகிற வரைக்கும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒப்பந்தம் முடிந்ததும் மாமா வந்துவிட்டார். மறுபடி போவதைப் பற்றி அவரும் பேசவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. திட்டக்குடி போகிற பிரைவேட் பஸ்ஸில் டிரைவராகச் சேர்ந்தார், ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பார். கம்ப்யூட்டர் எடைக்குப் போனது. வயர் போனை எடுத்துவிட்டோம். அப்பா காலமாகி வருஷங்கள் ஆகின்றன. பக்கத்துக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கயல் சென்னையில் காலேஜ் படிக்கிறாள். புதுச்சேரிக் கடையிலிருந்து வந்த அன்றைக்கே அவளுக்குப் போன் போட்டு இத்தனையும் சொன்னேன். பீப் சத்தம், கண்ணாடி முத்தம், வாசற்படி, எதுவுமே அவளுக்கு ஞாபகம் இல்லை. "சும்மா கதை வுடாதீங்க சித்தி, அப்பா எப்ப ஊர்ல இல்லாம இருந்தாரு?" என்று சிரித்தாள்.